பப்பாளிக்காய் போட்டா கறி எப்ப வேகும், எப்ப வேகாது

கறி வேகலைன்னா மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கு. ஒரு வீட்ல பப்பாளிக்காய் துண்டு போடச் சொல்லுவாங்க, அடுத்த வீட்ல கொட்டாங்குச்சிய உடைச்சு ஒரு சில்லக் கழுவி உள்ள போடுவாங்க, இன்னும் சிலரு ரெண்டையும் போட்டுட்டு குக்கர் விசிலையும் நாலு கூட்டி வச்சிட்டு கடைசில பப்பாளியாலதான் வெந்துச்சுன்னு சொல்லிக்குவாங்க. கொட்டாங்குச்சிய இப்பவே தள்ளி வச்சிரலாம், அது வெறும் செல்லுலோஸும் லிக்னினும், மரக்கட்டைல இருக்கிற அதே சமாச்சாரம், கறிய எதுவும் செய்ற என்சைம், அதாவது நொதி, அதுல கிடையாது. பப்பாளிக்காய் அப்படி இல்ல. அது நெசமாவே கறிய அறுக்கும். ஆனா நாம நினைக்கிற நேரத்துல அறுக்காது, அதுதான் விசயமே.

மொதல்ல கறி ஏன் முறுக்கா இருக்குங்கிறதப் பாத்துருவோம். கறில ரெண்டு வகைப் புரதம் இருக்கு. ஒன்னு தசை நார், அதாவது ஆக்டின், மயோசின்னு சொல்றது, ஆடு ஓடுறதும் குதிக்கிறதும் இதாலதான். இன்னொன்னு அந்த நார்களைக் கட்டி வச்சிருக்கிற சவ்வு, அதுல முக்கியமான ஆளு கொலாஜன். மூணு புரி சேத்து முறுக்கின கயிறு மாதிரிதான் அதோட அமைப்பே, ஆடு வயசாக வயசாக அந்தப் புரிகளுக்கு நடுவுல முடிச்சு கூடிக்கிட்டே போகும். அதனாலதான் எளங்கறி அரை மணி நேரத்துல வெந்துரும், முத்துன கிடா மூணு மணி நேரம் ஆனாலும் நின்னு விளையாடும். அதே ஆட்டுலயே கழுத்து, முன்னங்கால் மாதிரி சதா வேலை செய்ற இடத்துல சவ்வு அதிகம், முதுகுப் பக்கம் கம்மி. கறிக்கடைல நின்னு பாத்தா தெரியும், கடைக்காரர் "சுக்காவுக்கா குழம்புக்காண்ணே?"ன்னு கேட்டுட்டுத்தான் கத்திய எடுப்பாரு. வியாபாரத்துக்காக மட்டும் கேக்குறதில்ல அது, எந்த எடத்துக் கறி எம்புட்டு நேரம் அடுப்புல நிக்கும்னு அவருக்குக் கணக்கு தெரியும்.

இதுல நம்ம ஊரு பழக்கம் ஒன்னு சேந்துக்குது. விடியக்காலைல அறுத்த கறிய ஏழு மணிக்கு வாங்கி பதினோரு மணிக்கு குழம்பா சாப்பிட்டாத்தான் நமக்கு திருப்தி, நேத்து அறுத்ததுன்னு சொன்னா மூஞ்சிய சுளிப்போம். ஆனா உயிர் போன சில மணி நேரத்துல தசை விறைச்சுப் போகும், ஏன்னா நார்கள் தளர்றதுக்குத் தேவையான சக்தி தீந்து போயிருது, நம்ம வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த விறைப்பு தளர்ந்து கறி தானா மெதுவாகணும்னா குளிர்ல ஒரு நாளோ சில நாளோ கிடக்கணும். அப்பக் கறிக்குள்ளயே இருக்கிற கால்பெய்ன், கதெப்சின்ங்கிற என்சைம்கள் நார்களக் கொஞ்சங் கொஞ்சமா வெட்டிக்கிட்டு இருக்கும். வெளிநாட்ல மாட்டுக்கறிய வாரக்கணக்குல குளிர்ல தொங்க விடுறாங்கன்னா இதுக்குத்தான். நாம அந்த வேலைய ஆட்டுக்கு விடறதே இல்ல, ஃப்ரெஷ்ஷா வேணும் மெத்துன்னும் வேணும்னு கேக்கிறோம். அந்த இடைவெளியத்தான் பப்பாளிக்காய் நிரப்புது.

பப்பாளிக்காய்ல இருக்கிற என்சைம் பேரு பப்பெய்ன். 1879ல வுர்ட்ஸ், பூஷாங்கிற ரெண்டு பேரு பிரான்ஸ்ல அதப் பிரிச்செடுத்து இந்தப் பேர வச்சாங்க. என்சைமும் ஒரு புரதம்தான், 212 அமினோ அமிலம் கோத்த சங்கிலி, அதுல 25வதா நிக்கிற சிஸ்டீன்ங்கிற அமிலம்தான் வெட்டுற கத்தி. அந்த இடத்துல இருக்கிற கந்தகம் போய் இன்னொரு புரதத்தோட இணைப்ப ஒடைக்கும். அன்னாசில புரோமிலெய்ன், அத்திப்பால்ல ஃபிசின், கிவில ஆக்டினிடின், இஞ்சில ஜிஞ்சிபெய்ன், எல்லாமே இதே சிஸ்டீன் குடும்பம்தான். செடி இதையெல்லாம் நம்ம சுக்காவுக்காக ஒன்னும் வச்சிருக்கல, பிஞ்சுக் காயக் கடிக்க வர்ற புழுவோட குடலப் பதம் பாக்கத்தான் வச்சிருக்கு. பப்பாளி பழுக்கப் பழுக்க பால் வத்திப் போகும், அதோட பப்பெய்னும் போயிரும். மஞ்சளாக் கனிஞ்ச பழத்த அரைச்சு கறில பெரட்டினா இனிப்புதான் ஏறும், கறி அப்படியேதான் இருக்கும். அன்னாசி வேற ரகம், பழுத்த பெறகும் அதுல என்சைம் நிறைய இருக்கும், தண்டுப் பகுதில இன்னும் கூட.

பப்பாளிப்பால் எடுக்கிறதப் பாத்தா இது எங்க இருக்குன்னு கண்ணாலயே தெரிஞ்சுக்கலாம். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5ன்னு பால் எடுக்கிறதுக்கு ஏத்த ரகமாவே விட்டிருக்காங்க. காய் மூணு மாசத்துக்குள்ள இருக்கும்போது, விடியக்காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, தோல்ல மேலருந்து கீழ நாலு கீறல், ஆழம் வெறும் மூணு மில்லிமீட்டர்தான். வெள்ளையா பால் சொட்டும், கீழ அலுமினியத் தட்டுல புடிப்பாங்க, கொஞ்ச நேரத்துல அது தயிராட்டம் கட்டிரும். இரும்புக் கத்தி ஆகாது, பப்பெய்ன் கெட்டுப் போயிரும், அதனால துருப்புடிக்காத எஃகு இல்லைன்னா மூங்கில் சிம்புலதான் கீறுவாங்க. மூணு நாலு நாள் விட்டு அதே காய்ல வேற எடத்துல திரும்பக் கீறல் போடுவாங்க. பால் எடுத்து தழும்பாகிப் போன காய சந்தைல யாரும் வாங்க மாட்டாங்க, அது டுட்டி ஃப்ரூட்டிக்குப் போகும், பேக்கரி பன்ல செகப்பும் பச்சையுமா கடிபடுறது அதுதான். இதுல நமக்கு வேண்டிய சங்கதி என்னன்னா பால் தோலுக்கு ஒட்டின பக்கம்தான் இருக்கு. தோலைச் சீவி எறிஞ்சிட்டு உள்ள இருக்கிற வெள்ளைச் சதைய மட்டும் அரைச்சா பாதிச் சரக்கு குப்பைக்குப் போயிருச்சுன்னு அர்த்தம், தோலோட அரைக்கணும்.

சரி, இப்ப நேரத்துக்கு வருவோம். பொதுவா எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா ராத்திரியே பப்பாளி விழுதப் பெரட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டா விடியுறதுக்குள்ள அது உள்ள போய் வெட்டி முடிச்சிரும்னு. நாலு டிகிரி குளிர்ல பப்பெய்ன் கிட்டத்தட்ட தூங்கிக்கிட்டுதான் இருக்கும். அது நல்லா வேலை செய்ற சூடு 60லருந்து 70 டிகிரி வரைக்கும். இதுக்கு இன்னொரு காரணமும் கூட நிக்குது, முறுக்கின கொலாஜன் பச்சையா இருக்கும்போது பப்பெய்னுக்கு புடி கொடுக்காது, 60 டிகிரி தாண்டி முறுக்கு அவுற ஆரம்பிச்சாத்தான் கத்தி எறங்கும். ஆக கறி அடுப்புல ஏறி 50 தாண்டி 75, 80க்குப் போற வரைக்கும் உள்ள அந்த இடைப்பட்ட நேரம்தான் மொத்த வேலையும் நடக்குற நேரம். அதுக்கு மேல சூடு ஏறிட்டா என்சைமும் வெந்து போகும், அதுவும் புரதம்தானே, தன் கோப்பு குலைஞ்சு சும்மா கிடக்கும்.

இதப் புரிஞ்சுக்கிட்டா பல குழப்பம் தன்னால தீரும். கொதிச்சுக்கிட்டு இருக்கிற குழம்புல, கறி வேகலையேன்னு பதறி பப்பாளிக்காய் துண்ட எடுத்துப் போட்டா என்ன ஆகும்? பப்பாளிக்காய் வேகும், அம்புட்டுத்தான். துண்டுக்குள்ள இருந்து என்சைம் வெளிய வர்றதுக்குள்ள அது செத்துப் போயிரும். அதையே அரைச்சு, பச்சைக் கறில பெரட்டி, பச்சைத் தண்ணில இருந்தே சூடேத்திக் கொண்டு போனா பலன் தெரியும். குக்கர்ல வைக்கிறவங்களுக்கு பப்பாளியே பெருசாத் தேவை இல்ல, குக்கருக்குள்ள 120 டிகிரி கிட்டப் போகும், அந்தச் சூட்டுல கொலாஜன் அரை மணிக்குள்ள தானே கரைஞ்சு ஜெலட்டினாயிரும். மதுரை சுக்காவ எடுத்துக்கங்க, பாதி வீட்ல மொதல்ல குக்கர்ல வேக வச்சிட்டு அப்பறம் சட்டில சுண்ட வைக்கிறதுதான், அதுக்குப் பப்பாளி வீண் செலவு. எங்க வேணும்னா, தண்ணியே விடாம நேரா நெருப்புல வாட்டுற கறிக்கு வேணும். கம்பில குத்தி வாட்டுற மட்டன் இருவது நிமிசத்துல எறங்கிரும், அம்புட்டு நேரத்துல சவ்வு தானா கரையாது, அங்கதான் பப்பாளி இல்லாம ஆகாது. ஹைதராபாத் பக்கம் பச்சைக் கறியவும் அரை வேக்காட்டு அரிசியவும் ஒன்னா தம் போடுறாங்கல்ல, அவங்களும் பப்பாளி விழுது சேக்கிறாங்க, தம்முல சூடு மெதுவா ஏறுறதால பப்பெய்னுக்கு நிறைய நேரம் கெடைக்குது, தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாம செஞ்சாங்களோ கணக்கு சரியா வருது.

கிடா வெட்டுக்கு இத அப்படியே பெருக்கிப் பாருங்க. பாண்டி கோயில்ல பொங்க வைக்கப் போனா அண்டாவுல இருவது முப்பது கிலோ கறி ஒன்னா வேகும். வீட்டுச் சட்டில பத்து நிமிசத்துல கொதி வர்றது அண்டாவுல முக்கா மணி நேரம் எடுக்கும், அதுலயும் விறகு ஈரமா இருந்தா கேக்கவே வேணாம். அந்த முக்கா மணி நேரத்துல ஒரு நல்ல பங்கு 50க்கும் 75க்கும் நடுவுல போகும். வீட்டு அளவ அப்படியே கிலோ கணக்குல பெருக்கி பப்பாளி போட்டா கறி தனியா எலும்பு தனியா கழண்டு குழம்பே கஞ்சியாயிரும். அண்டாவுக்கு பப்பாளி வேணாங்கிறது என் அபிப்பிராயம், அம்புட்டு நேரம் நெருப்புல நிக்கிறப்ப கறி தன்னால வெந்துரும், கூட வேணும்னா வீட்டு அளவுல கால்வாசி போதும்.

இன்னொரு விசயம், பப்பெய்ன் பெரிய மூலக்கூறு, உப்பு போற வேகத்துல உள்ள போகாது. மேலாப்புல சில மில்லிமீட்டர்தான் எறங்கும். பெரிய தொடைக்கறித் துண்ட ரொம்ப நேரம் விழுதுல ஊற வச்சா மேல் பக்கம் வழுவழுன்னு மாவா ஆயிருக்கும், உள்ள முறுக்கு அப்படியே இருக்கும், சாப்பிடறவனுக்கு இது ரெண்டுமே கஷ்டம். மெல்லிசா வெட்டணும், இல்ல முள்ளுக்கரண்டியால நல்லா குத்தி விடணும். அமெரிக்காவுல 1950, 60கள்ல இந்தச் சிக்கலுக்கு ஒரு கொடூரமான வழி கண்டுபுடிச்சாங்க, அறுக்கப் போற மாட்டுக்கு உயிரோட இருக்கும்போதே ரத்தத்துல பப்பெய்ன ஊசியாப் போட்டு, ரத்த ஓட்டமே அத ஒவ்வொரு நாருக்கும் கொண்டு போய்ச் சேக்கிற மாதிரி பண்ணாங்க. உள்ள சும்மா இருக்கும், சமைக்கும்போது சூடு ஏறினதும் முழிச்சுக்கும். கணக்குப்படி கெட்டிக்காரத்தனம்தான், ஆனா நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

கொத்துக்கறிக்கு வந்தா நிலைமை தலைகீழ். கோலா உருண்டைக்கு அரைச்ச கறில மேலாப்பு எது உள் எதுன்னே கிடையாது, என்சைம் எல்லா பக்கமும் ஒன்னா பாயும். உருண்டை எண்ணெய்ல ஒடையாம நிக்கிறது மயோசின் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிறதாலயும் பொட்டுக்கடலை மாவாலயும்தான், பப்பெய்ன் அந்த மயோசினையே நறுக்கிப் போட்டுரும். கோலால பப்பாளி சேத்துட்டு உருண்டை சட்டில கரைஞ்சு போச்சுன்னா மாவு மேல பழி போடாதீங்க. லக்னோவுல கலவுட்டி கபாப்னு ஒன்னு, நாக்குல வச்சா கரையணும்ங்கிறதுதான் அதோட பெருமையே, அவங்க வேணும்னே பப்பாளிய அரைச்சுச் சேப்பாங்க, ஒட்டுறதுக்கு வறுத்த கடலை மாவு போட்டுக்குவாங்க. நமக்கு கடிபடணும், அவங்களுக்கு கடிபடக் கூடாது. ஈரலுக்கும் மீனுக்கும் இந்த வேலையே வேணாம், அதுல வெட்டுறதுக்கு சவ்வே கம்மி. பிராய்லர் கோழி ஆறு வார வயசுலயே கடைக்கு வந்துருது, அதுக்கும் வேணாம். வயசான நாட்டுக்கோழிக்கு கண்டிப்பாப் போடலாம்.

இந்தப் பப்பாளி நம்ம மண்ணுக்காரன் கிடையாது, அமெரிக்கக் கண்டத்துல பொறந்து 16ம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் மூலமா வந்தது, அன்னாசியும் அப்படித்தான். பாண்டியர் காலத்து மதுரைல யாரும் பப்பாளிக்காய் போட்டு கறி ஆக்கிருக்க வழியே இல்ல. ஆனா இஞ்சி இருந்துச்சு. இஞ்சில இருக்கிற என்சைம் பப்பெய்ன் அளவுக்கு முரட்டுத்தனம் இல்ல, ஆனா கொலாஜன் மேல நல்லாவே கை வைக்கும், 60 டிகிரி பக்கத்துல உச்சம், அப்பறம் சீக்கிரமே செத்துரும், அதனால ஓவரா போயி கறி கூழாகுற பயம் கம்மி. இஞ்சி பூண்டு விழுதுல கறியப் பெரட்டி வைக்கிற நம்ம பழக்கத்த வெறும் கவிச்சி போறதுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், கூடவே ஒரு மெதுவான பப்பாளி வேலையும் அதுல நடக்குது. ஒரே ஒரு சங்கடம், இஞ்சி என்சைம் அரைச்ச பெறகு ரொம்ப நாள் தாங்காது. வாரக்கணக்குல ஃப்ரிட்ஜ்ல கிடக்கிற விழுதுல வாசனை இருக்கும், கத்தி மழுங்கிருக்கும். அன்னைக்கு அம்மில அரைச்சதுக்கும் டப்பாவுல இருந்து எடுத்ததுக்கும் வித்தியாசம் இருக்குன்னு பெரியவங்க சொன்னா சும்மா சொல்லல.

அன்னாசிக்கும் ரெண்டு வரி சொல்லணும். 1891ல வெனிசுவேலாக்காரர் விசென்டே மார்கானோ அதோட சாத்துல இருந்து புரோமிலெய்னப் பிரிச்சாரு. அன்னாசி நிறையத் தின்னா நாக்கு அரிக்குதுல்ல, அதுல இருக்கிற ஊசி ஊசியான ஆக்சலேட் படிகத்தோட இந்த என்சைமும் சேந்துதான் நாக்கைப் பதம் பாக்குது, நாம அதத் திங்கும்போது அதுவும் நம்மள கொஞ்சம் தின்னுக்கிட்டு இருக்கு. பச்சை அன்னாசிய பால்லயோ தயிர்லயோ போட்டு வச்சா கொஞ்ச நேரத்துல கசக்கும், பால் புரதம் வெட்டுப்பட்டு கசப்பான துண்டுகளா ஆகுறதாலதான். கல்யாண வீட்டு அன்னாசி கேசரில அந்தக் கசப்பு வராது, பழம் வெந்துருச்சு. டின்ல வர்ற அன்னாசியும் சூடு பண்ணி அடைச்சதுதான், அத கறில பெரட்டினா இனிப்புக் கறிதான் கெடைக்கும்.

இத வீட்லயே சோதிச்சுப் பாக்க நம்ம ஊர்ல தோதான சரக்கு இருக்கு. ஜெலட்டின் ஜெல்லி ஒரு கிண்ணம் எடுத்து மேல பச்சை அன்னாசித் துண்டு ஒன்னு வைங்க, கொஞ்ச நேரத்துல துண்டுக்கு அடில ஜெல்லி தண்ணியா எளகி குழி விழும், ஏன்னா ஜெலட்டின்ங்கிறதே வெந்த கொலாஜன்தான். அதே துண்ட ஜிகர்தண்டாவுக்குப் போடுற கடல்பாசி மேல வைங்க, ராத்திரி பூரா வச்சாலும் ஒன்னும் ஆகாது. கடல்பாசி புரதம் இல்ல, மாவுச்சத்து வகையறா, மன்னார் வளைகுடால எடுக்கிற பாசில இருந்து வர்றது, இந்தக் கத்திக்கு அதுல வெட்டுறதுக்கு எதுவும் இல்ல. பாதாம் பிசினும் அதே கதைதான்.

சாப்பிட்ட பெறகு வயித்துக்குள்ள பப்பெய்ன் ஏதாவது பண்ணுமான்னு சிலரு பயப்படுறாங்க. நல்லா கொதிச்சு வெந்த கறில அது செத்துப் போயிருக்கும், பயப்படத் தேவையில்ல. ஆனா ரப்பர் பால் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு பப்பாளிப்பாலும் ஒத்துக்காமப் போகலாம், அவங்க தள்ளியே இருக்கணும். பிள்ளைத்தாச்சிகளுக்கு பச்சைப் பப்பாளி கொடுக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்றாங்கல்ல, எலிகள்ல செஞ்ச ஆய்வுல பச்சைப் பப்பாளியோட பால் கருப்பையச் சுருங்க வச்சிருக்கு, கனிஞ்ச பழத்துச் சாறு அப்படிச் செய்யல. பயப்படுற அந்த வீட்ல இஞ்சியோட நிறுத்திக்கிறது நிம்மதி.

அளவுன்னு கேட்டா, ஒரு கிலோ முத்துன வெள்ளாட்டுக் கறிக்கு தோலோட அரைச்ச பப்பாளிக்காய் விழுது ஒரு பெரிய கரண்டி, அதுக்கு மேல போகாதீங்க. உப்பும் மஞ்சளும் இஞ்சியும் முன்கூட்டியே போட்டு எம்புட்டு நேரம் வேணாலும் ஃப்ரிட்ஜ்ல ஊறட்டும், பப்பாளிய மட்டும் அடுப்புல வைக்கிறதுக்கு அரை மணி முன்னாடி பெரட்டினாப் போதும். எலுமிச்சைய கூடவே புழிய வேணாம், புளிப்பு ரொம்ப ஏறினா பப்பெய்ன் சொணங்கிப் போகும், எறக்கின பெறகு புழிஞ்சுக்கலாம், தயிர்னா பரவால்ல. அடுப்ப சிம்ல வச்சு மெதுவா சூடேத்தி, மெத்துன்னு ஆன பெறகு ஒரு தடவை நல்லா கொதிக்க விட்டு கதைய முடிச்சிரணும். பாதி வேக்காட்டுல சிலிண்டர் தீந்து போய், அடுத்த சிலிண்டர் மாத்துற வரைக்கும் மூடி போட்ட சட்டில கறி வெதுவெதுன்னு கிடந்துச்சுன்னா, பப்பெய்ன் அதுபாட்டுக்கு வெட்டிக்கிட்டேதான் இருக்கும், திரும்பப் பத்த வைக்கும்போது சுக்காவுக்குப் போட்ட கறிய கொத்துப் பரோட்டாவுக்குத்தான் திருப்பி விடணும்.